பழைய சாலையின் லோரிக் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சிலிம் ரிவர் பக்கம், பழைய சாலை ஓரத்தில் லோரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் எங்கள் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். எங்கள் வரிசையில் ஒரு காலத்தில் ஐந்து கடைகள் இருந்தன. இன்று விளக்கு எரிவது எங்களுடையதில் மட்டும். பசியாற வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். கல்லில் தோசை இருக்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைத்திருக்கிறேன்.

லோரிக் கடை என்கிறீர்களே, ஒட்டுக்கடைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

முற்றம். ஒட்டுக்கடை என்கிற சின்னச் சாலையோரக் கடைக்கு நாலு மேசை போட இடமிருந்தால் போதும். லோரிக் கடைக்கு முதலில் வேண்டியது, பத்துச் சக்கர லோரி உள்ளே நுழைந்து, பின்னால் எடுக்காமல், அப்படியே வளைந்து சாலைக்கு ஏறுகிற அளவுக்கு இடம். அப்பா இந்த இடத்தைப் பார்க்க வந்தபோது கூடவே ஒரு லோரிக்கார நண்பரைக் கூட்டிவந்து வண்டியை வளைத்துப் பார்க்கச் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, அடுப்பு எல்லாம்.

பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தகரம் அடைத்த குளியலறையும் இருந்தன. குளிக்கக் காசு கிடையாது. பக்கத்தில் டயர் ஒட்டும் சீனர் கடை. இரவு 2 மணிக்கு வடக்கிலிருந்து மீன் லோரிகள் வரும். ஐஸ் தண்ணீர் சொட்டி முற்றத்துக் கல்லில் கோடு விழும். காற்று பிரேக் விடும் சத்தத்தை வைத்தே இன்னாருடைய வண்டி என்று அப்பா சொல்லிவிடுவார். ஆள் கதவைத் திறந்து இறங்குவதற்குள் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, மேசைக்குப் போய்விடும். மலாய்க்காரரோ சீனரோ, எல்லாருக்கும் அவர் ‘அனே’, அதாவது அண்ணன். அம்மாவை மட்டும் எல்லாரும் ‘அக்கா’ என்றார்கள், அம்மாவைவிட மூத்தவர்கள்கூட.

இந்தக் கடைகள் எப்படி வந்தன?

சாலை கொண்டுவந்தது பாதி, தோட்டம் கொண்டுவந்தது பாதி.

டோல் கட்டிப் போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் கோலாலம்பூரிலிருந்து ஈப்போ, பினாங்கு போகிற எல்லாமே இந்த முதலாம் எண் கூட்டரசுச் சாலையில்தான் ஓடின. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், துரோலாக், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வொரு ஊரின் நடுவிலும் புகுந்து வெளியேறும் சாலை. 1942 ஜனவரி 7 விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் இறங்கி வந்ததும் இதே சாலையில்தான். பாட்டி அப்போது சின்னப்பிள்ளை. கித்தாக் காட்டுக்குள், அதாவது ரப்பர் மரங்களுக்குள், ஓடி ஒளிந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். லயத்து வீடும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வேலையும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்றானபோது, பல்லாயிரம் பேர் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போனார்கள். போகாதவர்களில் சிலர் சாலையோரத்துக்கு வந்தார்கள். கையில் இருந்தது ஒரு தோசைக்கல், ஒரு அம்மி, நேரம் பாராமல் எழும் பழக்கம். பால்மரம் வெட்டப் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப்) போகிறவர்கள் விடியுமுன் 4 மணிக்கே எழுந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் லோரிக்காரர்களின் நேரத்துக்குப் பொருந்திப்போனது. எங்கள் குடும்பக் கதையும் இதுதான்.

1994-இல் நெடுஞ்சாலை திறந்த அன்றே வியாபாரம் விழுந்துவிட்டதா?

இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாக அதிகாரபூர்வத் திறப்பு விழா கண்டது 1994 செப்டம்பர் 8. முதலில் போனது கார்கள், அடுத்தது விரைவுப் பேருந்துகள். கார்க்காரர்களை நம்பியிருந்த பெரிய உணவகங்கள்தாம் சீக்கிரம் அடிபட்டன. லோரிகள் மெல்லத்தான் போயின. டோல் மிச்சம் என்று சொந்த லோரிக்காரர்கள் பல ஆண்டுகள் பழைய சாலையை விடவில்லை. இரவு முற்றம் நிறைந்தே இருந்தது.

பிறகு சொந்த லோரிக்காரர்களே குறைந்தார்கள். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்தவர்கள் அதை விற்றுவிட்டுப் பெரிய போக்குவரத்துக் கம்பெனிகளில் ஓட்டுநர்களாகச் சேர்ந்தார்கள். கம்பெனி டோல் கட்டிவிடும், ஆனால் நேரம் கேட்கும். எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஓட்டுநரிடமிருந்து போன அன்றுதான் எங்கள் கடைகளுக்குக் கேடு தொடங்கியது. நான் பார்த்தவரை, சாலை மாறியதைவிட இதுதான் பெரிய மாற்றம்.

டோலை விட்டு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினால் என்ன? தூரத்துக்குத்தானே காசு?

உண்மைதான். இந்தப் பகுதியில் டோல் தூரக் கணக்கு. நடுவில் இறங்கி ஏறினால் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் இறங்குவழி, டோல் சாவடி, சந்திப்பு விளக்கு, ஊருக்குள் மெதுவாக ஓட்டம், திரும்ப அதே வழி என்று எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் ஓடிவிடும். பல கம்பெனிகளில் ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அரைமணி அவர் சட்டைப் பையிலிருந்து போவது. போதாததற்கு வண்டியில் ஜிபிஎஸ். தடம் மாறி நின்றால் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். எங்களிடம் இருபது ஆண்டு சாப்பிட்ட ஒரு தம்பி, கடைசியாக வந்தபோது தோசையைப் பாதியில் மடித்துப் பொட்டலம் கட்டச் சொன்னார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

டீசலும் உண்டு. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சரக்கு லோரிகளுக்கு உதவித்தொகை அட்டை கொடுத்து பழைய விலையிலேயே விட்டார்கள். அந்த அட்டை செல்லுகிற பெட்ரோல் நிலையத்துக்குத்தான் வண்டி போகும். அங்கேயே கடை, கழிப்பறை, ரொட்டி, டின் கோப்பி எல்லாம் இருக்கின்றன. ஓட்டுநர் இறங்கும் இடம் வயிற்றைப் பார்த்து முடிவாவதில்லை, டாங்கியைப் பார்த்து முடிவாகிறது.

அப்படியானால் லோரிக்காரர்கள் இப்போது எங்கே ஓய்வெடுக்கிறார்கள்?

இரவு 1 மணிக்கு மேல் உலு பெர்ணாம் அல்லது தாப்பா ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) பக்கம் போய்ப் பாருங்கள். லோரி நிறுத்தும் இடம் நிறைந்திருக்கும். இடம் கிடைக்காதவை நுழைவழியின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். சில அவசரத் தடத்திலேயே நிற்கும். பின்னால் வருகிற கார்க்காரர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எங்கள் முற்றத்தில் பன்னிரண்டு லோரி நிற்கும். இன்றைக்கும் நிற்கும், கல் அப்படியே கிடக்கிறது. இந்தச் சாலை நெடுக இப்படிக் காலியாகக் கிடக்கும் முற்றங்கள் எத்தனை! ஓட்டுநர் தூங்கும் இடத்தைப் பாதுகாப்புக் கணக்கில் வைத்துப் பார்த்திருந்தால் இவை வீணாகியிருக்க மாட்டா. இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது, வியாபாரம் போனதைவிட.

ஆர் அண்ட் ஆரில் நீங்களே ஒரு கடை எடுத்திருக்கலாமே?

முயன்றோம். வாடகை, முன்பணம், நாள் முழுக்க ஆள் போடும் நிபந்தனை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் கடன் வாங்கி அவர்களுக்குக் கட்டுவது மட்டும்தான் மிச்சம். சிலர் எடுத்து நன்றாக நடத்துகிறார்கள், அவர்கள் உழைப்புக்கு மரியாதை உண்டு. நாலு பேர் கொண்ட குடும்பத்தால் ஆகிற காரியமில்லை அது.

தோட்டத்து ஆள்கள் இருக்கிறார்களே, அவர்கள் வருவதில்லையா?

இருந்தால்தானே வருவதற்கு? கித்தா போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. பால்மரத்துக்கு ஒவ்வொரு மரமாகக் கோடு இழுக்கக் கை வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். வேண்டிய கொஞ்சம் பேரும் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் லயத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, சம்பளத்தை ஊருக்கு அனுப்பக் கணக்குப் பார்க்கிறவர்கள். குறை சொல்ல முடியாது, எங்கள் தாத்தாவும் அப்படித்தான் இருந்தார்.

முன்பு சம்பள நாள் மாலையில் தண்டலிலிருந்து (மேற்பார்வையாளர்) கிராணி (தோட்டத்து எழுத்தர்) வரை வருவார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அம்மா பிள்ளைத் தோசை என்று சின்னதாக ஊற்றுவார். இப்போது அந்தக் குடும்பங்கள் ரவாங்கிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மட்டும் வந்து போகிறார்கள்.

லோரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்தீர்களாமே, திரும்ப வந்ததா?

பெரும்பாலும் வந்தது. அப்பா கடன் கணக்கு எழுதிய 555 புத்தகங்கள் இன்னும் என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. உள்ளங்கையளவு புத்தகம், அட்டையில் பெரிதாக 555. மலேசியாவில் கடை வைத்த எவரும் அதைத் தொடாமல் இருந்திருக்க மாட்டார்கள். அப்பா பெயர் எழுதமாட்டார். ‘கெடா மீன்’, ‘பலாக்கு லோரி, பச்சைத் தொப்பி’ (பலாக்கு என்றால் வெட்டுமரம்), ‘வாழைக்காய்த் தம்பி’ என்று எழுதி, எதிரில் தொகை. கட்டியதும் ஒரு கோடு. எண்ணெய்க் கை பட்டுப் பல பக்கங்கள் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டன, மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது.

கோடு விழாத வரிகளும் உண்டு. ‘பச்சைத் தொப்பி’யின் 14 வெள்ளி அப்படியே நிற்கிறது. அவர் கட்டாமல் ஓடியவரல்லர். வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வேறொரு லோரிக்காரர் வந்து சொன்னார். அப்பா அந்த வரியை அடிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை.

கடனுக்குக் கைம்மாறும் இருந்தது. அப்போது கைப்பேசி ஏது? தாப்பாவில் இருந்த அத்தைக்கு மருந்து, கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ், பினாங்கிலிருந்து கல்யாணப் பத்திரிகை எல்லாம் லோரியில்தான் வந்தன, போயின. அண்ணன் முதன்முதலாகக் கோலாலம்பூர் போனதும் ஒரு காய்கறி லோரியில்தான். அந்தக் காய்கறி லோரிகளும் பாதி போய்விட்டன. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரனுக்கு இன்னொரு சாலை 2000-களின் தொடக்கத்தில் திறந்தபின், மலைச் சரக்கு முழுவதும் தாப்பா வழியாகவே இறங்க வேண்டும் என்றில்லாமல் போயிற்று.

கோவிட் காலத்தில்தானே பல கடைகள் மூடின?

ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவை மூடின. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இடையில் தளர்ந்தும் இறுகியும் போய், தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள் மாநிலம் கடந்து போக மறுபடி அனுமதி கிடைத்தது 2021 அக்டோபர் 11-இல். அந்தக் காலம் முழுக்க லோரிகள் மட்டும் நிற்கவில்லை. நாடே வீட்டுக்குள் இருந்தபோது அரிசியும் மாத்திரையும் கொண்டுபோனது அவர்கள்தாம். உட்கார்ந்து சாப்பிடத் தடை இருந்த நாள்களில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு லோரிப் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். முற்றம் நிறைய மனிதர்கள், மேசைகள் எல்லாம் கவிழ்த்து வைத்தபடி. அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். எதிர்ச்சாரிக் கடை அண்ணன் அந்த ஆண்டுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

செலவுதான் காரணமா? சம்பளம், கேஸ், லைசென்ஸ்…

செலவும் உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளி, 2022 மே மாதம் 1,500, 2025-இல் 1,700. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. என்னோடு வேலை செய்யும் அக்காவும் அந்தக் காசில்தான் வீடு நடத்த வேண்டும். சிரமம் என்னவென்றால், அந்த அளவுக்குத் தோசை விலையை ஏற்ற முடியாது. சாப்பிடுகிறவரின் நடைக்கூலி அதே வேகத்தில் ஏறவில்லை.

கேஸ் பிரச்சினை 2025-இல் வந்தது. வீட்டு உபயோகத்துக்கான 14 கிலோ தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு. வியாபாரத் தோம்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மானியத் தோம்பைக் கடைகளில் பயன்படுத்தக் கூடாது என்று சோதனை தொடங்கினார்கள். சத்தம் கிளம்பியதும் சிறு வியாபாரிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்தச் சில வாரங்கள் நான் தூங்கவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட எங்களை அரிப்பது நிலம். சாலையோரக் கடைகள் பலவும் டி.ஓ.எல் நிலத்தில் நிற்கின்றன, அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் அடுப்பு எரித்திருந்தாலும் நீங்கள் நாற்பது முறை ‘தற்காலிகம்’. பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது, அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது, சாலையை அகலப்படுத்தினால் நிலத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. அதனால் யாரும் கல் கட்டடம் கட்டவில்லை, நல்ல கழிப்பறை கட்டவில்லை. தகரக் கொட்டகை என்று எங்களைக் குறை சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெருநாள் காலத்தில் வேஸ் (கைப்பேசி வழிகாட்டிச் செயலி) பார்த்துக் கார்கள் பழைய சாலைக்கு வருகின்றனவே?

வருகின்றன. நெடுஞ்சாலை நெரிந்தால் எங்கள் முற்றம் நிறைகிறது. ஆனால் ஆண்டுக்குச் சில நாள்கள்தாம். அதே நாள்களில் கனரக வாகனங்களுக்குத் தடை என்பதால் லோரிக்காரர்கள் இருக்க மாட்டார்கள்.

பீடோர், தஞ்சோங் மாலிம் கடைகள் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தன?

அவை தேடிப் போகிற கடைகளாகிவிட்டன. பீடோரில் வாத்து மீ (நூடுல்ஸ்), கொய்யா. தஞ்சோங் மாலிமில் 1926-லிருந்து இருக்கும் பாவ் (ஆவியில் வேகவைத்த சீன ரொட்டி) கடை. அதற்காகவே டோலை விட்டு இறங்குவார்கள். எங்களுடையது வழியில் இருந்ததால் வந்த கடை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, முதுகு வலிக்கிறது என்று நிறுத்துகிறவருக்கான சமையல். அதில் பெயர் வாங்கும் பண்டம் எதுவுமில்லை. சூடாக, வயிறு நிறைய, எந்த நேரத்திலும் என்பதுதான் எங்கள் கைமணம்.

பிள்ளைகள் ஏன் எடுத்து நடத்தவில்லை?

அண்ணன் சிங்கப்பூரில். தம்பி தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில். இருவருக்கும் மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. பத்து வயதிலிருந்து இரவு 2 மணிக்கு எழுப்பப்பட்டவர்கள் அதைத் தேடிப் போனதில் தவறில்லை. அப்பாவே போகச் சொன்னார். நான் நின்றது என் விருப்பம்.

இவற்றைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

கேட்பது மூன்று. ஒன்று, பழைய சாலையில் நிலைத்து நடத்துகிற கடைகளுக்கு ஆண்டு உரிமத்துக்குப் பதில் நீண்டகாலக் குத்தகை. இரண்டு, காலியாகக் கிடக்கும் முற்றங்களை மாவட்ட மன்றங்கள் லோரி ஓய்விடங்களாகப் பதிவுசெய்து விளக்கும் கழிப்பறையும் போட்டுத் தருவது. மூன்று, போக்குவரத்துக் கம்பெனிகள் அந்த இடங்களில் நிற்பதை ஓய்வாக ஏற்றுக்கொள்வது. மூன்றாவது நடக்காமல் முதலிரண்டும் நடந்து பயனில்லை.

நாங்கள் வந்து சாப்பிட விரும்புகிறோம். எப்படி வருவது?

தெற்கிலிருந்து வந்தால் சிலிம் ரிவர் டோலில் இறங்கி, பழைய சாலையில் வடக்கே துரோலாக், சுங்காய் வழியாகப் போய், பீடோரில் மறுபடி நெடுஞ்சாலை ஏறலாம். வழியில் தகரக் கூரையும் அகல முற்றமும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். எங்கள் கடையே ஆக வேண்டும் என்றில்லை. காலை 6 மணிக்குத் திறக்கிறோம். திங்கள் விடுப்பு. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) 9 மணிக்குள் தீர்ந்துவிடும், தோசை 11 வரை இருக்கும். காரைக் கடை வாசலில் ஒட்டி நிறுத்துங்கள், முற்றத்தின் நடுவை லோரிக்கு விட்டுவிடுங்கள். இன்னும் ஓரிருவர் வருகிறார்கள்.